டாக்டர்கள் குறைவான ருவாண்டாவில் சர்க்கரை நோய் சிகிச்சையை எப்படிப் பரவலாக்குகிறார்கள்?

நர்ஸ்களை நம்பித்தான். அங்கே சுகாதார அமைச்சகமும் 'பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்' என்னும் தொண்டு அமைப்பும் சேர்ந்து மாவட்ட மருத்துவமனைகளில் தனி கிளினிக்குகள் தொடங்கின. இன்சுலின் அளவைக் கூட்டிக் குறைப்பது வரை நர்ஸ்களுக்கே பயிற்சி. அதே கிளினிக்கில் இதய நோயாளிகளையும் பார்க்கிறார்கள். 'பென்-பிளஸ்' என்னும் இந்த முறையை 2022 ஆகஸ்டில், டோகோவின் லோமே நகரில் கூடிய ஆப்பிரிக்க சுகாதார அமைச்சர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் நோயைக் கண்டுபிடிப்பதே பெரிய பாடு. உடலில் இன்சுலின் சுரக்காமல் போகும் டைப் 1 சர்க்கரை நோய் வந்த குழந்தை வாந்தி எடுக்கும், துவண்டுவிடும், மூச்சு வாங்கும். மலேரியா என்று நினைத்து மருந்து கொடுத்துவிட்டால், குழந்தை சில நாளில் இறந்தே போய்விடலாம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் சில விநாடிகளில் தெரிந்துவிடும். அதற்கு ஸ்ட்ரிப், அதாவது ரத்தச் சொட்டை வைத்து மீட்டரில் செருகும் சோதனைப் பட்டை, கையிருப்பில் இருக்க வேண்டுமே! மீட்டரை ஒருமுறை வாங்கினால் போதும், ஸ்ட்ரிப் தீர்ந்துகொண்டே இருக்கும். நன்கொடை தருபவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பேன்.

அப்புறம் இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க ஃப்ரிட்ஜ். கரண்ட் இல்லாத வீட்டில் ஒரு மண்பானைக்குள் இன்னொன்றை வைத்து, நடுவே ஈரமணல் நிரப்பி, உள்ளே இன்சுலின் குப்பியை வைக்கலாம். வறண்ட காற்றுள்ள ஊரில் இது நன்றாகவே குளிரும்.