1990-இல் யாழ்ப்பாண வீட்டு வளவுகளில் பங்கரை (பதுங்குகுழியை) ஏன் ‘ட’ வடிவில் வெட்டினார்கள்?

நேராக வெட்டினால் வாசலில் வெடிக்கும் ஷெல்லின் சிதறல் கடைசி ஆள் வரை போகும். வளைவு இருந்தால் மண்சுவர் அதை வாங்கிக்கொள்ளும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் பல இடங்களில் சில அடியிலேயே சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். அலவாங்கும் (கடப்பாரை) இறங்காவிட்டால் மீதியை நிலத்துக்கு மேலே மண்மூட்டையால் கட்டவேண்டும். போரால் சீமெந்துக்கு அப்போது அரசின் தடை. அதனால் கூரைக்குப் பனங்குற்றியை நெருக்கி அடுக்கி, மேலே உரப்பையில் மண். தென்னங்குற்றி கெதியில் உக்கிவிடும், வைரமேறிய பனை நிற்கும். விமானக் குண்டு நேரே விழுந்தால் பனையும் ஒன்றுதான், பாயும் ஒன்றுதான்.

பெரிய தொல்லை கார்த்திகை மழை. தண்ணீர் நின்றால் பக்கமண் ஊறிச் சரியும், குற்றிகளும் கூடவே இறங்கும். வாசலைச் சுற்றி வரம்பு கட்டி, உள்மூலையில் குழி விட்டு, வாளியால் இறைப்பார்கள். பாம்பும் ஒதுங்கும், அவசரத்திலும் தடியால் தட்டிவிட்டே இறங்குவது வழக்கம்.