கேமரா கேள்வி பதில்: குத்துச்சண்டை ரிங் ஓரத்தில்

கேள்வி: அண்ணாச்சி, கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பழக்கம் உண்டு. அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் மாவட்டக் குத்துச்சண்டைப் போட்டி. எங்கள் கிளப் பையன்களை எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். கையில் இருப்பது கிராப் சென்சார் கேமரா, 18-55 கிட் லென்ஸ், 50 எம்.எம். எஃப் 1.8. வாடகைக்கு 70-200 ஜூம் லென்ஸ் எடுக்க வேண்டுமா?
- வாசகர், மேலப்பாளையம்

பதில்: லென்ஸை அப்புறம் பார்க்கலாம் தம்பி. எங்கே நிற்க விடுவார்கள் என்பதை முதலில் கேட்டு வாருங்கள். ரிங்கை ஒட்டி இடம் கிடைத்தால் உங்கள் 50 எம்.எம். போதும். காலரிதான் என்றால் 70-200 எஃப் 2.8 இல்லாமல் போவது வீண். மலிவாகக் கிடைக்கிறதே என்று எஃப் 5.6 ஜூமை வாங்கிவிடாதீர்கள். எஃப் எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். எஃப் 1.8 உள்ளே விடும் வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அதில் வரும்.

போட்டி ரிங்கில் கயிற்றுக்குள் ஒரு பக்கம் 6.1 மீட்டர். சுற்றி நான்கு கயிறு. சிவப்பு மூலையிலும் நீல மூலையிலும் கோச்சுகள் இருப்பார்கள். மற்ற இரண்டும் வெள்ளை மூலைகள். அதில் ஒன்றில் டாக்டர் ஏறுகிற படி இருக்கும், அதை மறிக்கவே கூடாது. புள்ளி போடும் நடுவர்கள் ரிங்கைச் சுற்றி மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மிச்சமிருக்கும் இடுக்குதான் உங்களுக்கு. அதைப் போட்டி நாளன்று காலையில் கேட்டால் கிடைக்காது. முந்தின நாளே பொறுப்பாளரிடம் பேசி வையுங்கள். அப்படியே பவுட் ஷீட்டையும் (எந்த மோதல் எப்போது என்ற பட்டியல்) போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பையன் எத்தனையாவது பவுட், எந்த மூலை என்பது அதில்தான் இருக்கிறது.

ரிங் ஓரம் கிடைத்தவர்கள் கேமராவை மேடை விளிம்பில் தாழ்த்தி, அடிக் கயிற்றுக்கும் இரண்டாம் கயிற்றுக்கும் நடுவில் லென்ஸை வைத்து மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். கயிறு முகத்தில் விழாது. ஆளும் உயரமாகத் தெரிவான். லென்ஸ் கயிற்றுக்கு உள்ளே நீளக் கூடாது. சண்டை உங்கள் பக்கம் சாய்ந்தால் கேமராவை இழுத்துக்கொள்ளுங்கள். படம் போனால் போகிறது, கீழே விழுகிற பையன் லென்ஸ் மேல் விழக் கூடாது. இந்த இடம் கிடைக்கவில்லையா, பெஞ்சோ காலரிப் படியோ ஏறி மேல் கயிற்றுக்கு மேலாக எடுங்கள். பத்தடி தள்ளித் தரையில் நிற்பதுதான் இருப்பதிலேயே மோசம். எல்லா முகத்திலும் கயிறு கோடு போடும், ஃபோகஸும் கயிற்றிலேயே போய் உட்காரும்.

எந்தப் பக்கம் நிற்பது? இடது காலை முன்வைத்து நிற்கிற இருவர் மோதினால், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒருவர் நெஞ்சும் மற்றவர் முதுகும்தான் தெரியும். ஒருவர் சவுத்பா, அதாவது வலது காலை முன்வைப்பவர் என்றால் இருவர் நெஞ்சும் ஒரே பக்கம் திறந்திருக்கும். ஆனால் சுற்றிச் சுற்றி வருவார்கள், நீங்கள் இடம் மாற முடியாது. எனவே அந்தப் பக்கம் உங்களை நோக்கித் திரும்பும்வரை பொறுத்திருந்து அப்போது அழுத்துங்கள். ரெஃப்ரியின் முதுகு மறைப்பதற்கும் இதே பொறுமைதான் மருந்து.

செட்டிங்: மேனுவலில், அதாவது அளவுகளை நீங்களே வைக்கும் முறையில் வையுங்கள். ரெஃப்ரியின் வெள்ளைச் சட்டை ஃபிரேமுக்குள் வந்ததும் ஆட்டோ மீட்டர் ஏமாந்து, பையன் முகத்தைக் கருப்பாக்கிவிடும். ஷட்டர் 1/800 நொடி, அபர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 2.8, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 3200-இல் தொடங்குங்கள். அரங்கம் மங்கலாக இருந்தால் 6400 வரை தயங்காமல் ஏற்றலாம். புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பிறகு குறைக்கலாம், கலங்கிய கையைச் சரிசெய்ய வழியில்லை. காலைப் பவுட்டுகளுக்கு ஜன்னல் வெயிலும் சேர்ந்திருக்கும், சாயங்காலம் விளக்கு மட்டும்தான். மணிக்கொரு தரம் சரிபாருங்கள். வொயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) ஒரு வெள்ளைத்தாள் வைத்துப் பதிந்துகொண்டால், கீழேயுள்ள நீலக் கான்வாஸ் முகத்தில் அடிக்கும் சாயம் ஓரளவு குறையும். ஃபிளாஷைப் பையிலேயே விட்டுவிடுங்கள்.

ஃபோகஸ் தொடர் முறையில், ஒரே புள்ளி அல்லது சிறு வட்டத்தில் இருக்கட்டும். சிறுவர்களும் பெண்களும் ஹெட்கார்டு (தலைக்கவசம்) போட்டிருப்பார்கள். கண்ணைத் தேடும் ஃபோகஸ் அதில் அடிக்கடி தவறும். கிளவுஸைப் பார்க்காமல் தோளைப் பாருங்கள். தோள் அசையும்போதே அழுத்த வேண்டும். 'டப்' என்று கேட்ட பிறகு அழுத்தினால் கிடைப்பது கை திரும்பி வருகிற படம். ஒரு தடவைக்கு மூன்று நான்கு ஃபிரேம் போதும். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் கேமராவின் பஃபர் (படங்களைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) நிரம்பி நின்றுவிடும், அந்த நேரம் பார்த்துத்தான் ரெஃப்ரி அடி வாங்கியவருக்கு எட்டு வரை எண்ண ஆரம்பிப்பார்.

பெரியவர்கள் பவுட் 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு, நடுவே 1 நிமிடம் ஓய்வு. சிறுவர்களுக்கு ரவுண்டு இன்னும் சின்னது. அந்த ஓய்வில் படத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். கோச் முகத்தோடு முகம் வைத்துப் பேசுவதும், தலையில் தண்ணீர் ஊற்றுவதும் அந்த ஒரு நிமிடத்தில்தான் நடக்கின்றன. கிளப் சுவரில் மாட்டுவதற்கு அடி விழுகிற படத்தைவிட அந்தப் படமே மேல்.

64 ஜிபி கார்டு இரண்டு, கூடுதல் பேட்டரி இரண்டு, லென்ஸ் துடைக்கும் துணி, முன்னால் ஒரு யுவி ஃபில்டர் (வியர்வையும் தண்ணீரும் தெறிக்கும்). ஏசி காரிலிருந்து இறங்கினால் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வையுங்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் கண்ணாடி பூத்துவிடும்.

கேள்வி: பள்ளி அரங்கில் கராத்தே போட்டியை 1/640-இல் எடுத்தேன். ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு. சிலவற்றில் பாதி மட்டும் மஞ்சள். கேமரா பழுதா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கேமராவில் ஒன்றுமில்லை, விளக்குதான் காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் டியூப்லைட்டும் பல எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. 1/640 நொடி என்பது அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு துண்டு. உச்சத்தில் அகப்பட்டால் வெளிச்சம், பள்ளத்தில் அகப்பட்டால் இருட்டு. ஷட்டர் திரை ஃபிரேமைக் கடந்துகொண்டிருக்கும்போதே விளக்கு மாறினால் பாதிப் படம் மட்டும் நிறம் மாறும்.

மெனுவில் 'ஆன்டி ஃபிளிக்கர்' இருந்தால் போட்டுவிடுங்கள். விளக்கு உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்து அது ஷட்டரைத் திறக்கும். தொடர்ச்சியாக எடுக்கும் வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான கேமராக்களில் அது பட்டை பட்டையாக விழவைக்கும், வீசும் கையையும் வளைத்துக் காட்டும். ஆன்டி ஃபிளிக்கர் வசதியே இல்லாத கேமரா என்றால், சீக்கிரம் போய் வெள்ளைச் சுவரைப் பார்த்து 1/800-இல் பத்துப் படம் தட்டுங்கள். எத்தனை கெடுகிறது என்று தெரிந்துவிடும், அதற்கேற்ப அதிகமாக எடுத்துக் கழிக்கலாம். வெற்றி பெற்றவர் கையைத் தூக்கும்போது ஆள் நிற்கிறார் அல்லவா, அங்கே 1/100-க்கு இறங்குங்கள். விளக்கின் ஒரு முழுச் சுற்று அதில் அடங்கிவிடுவதால் தொல்லை இருக்காது.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கொடையில் சிலம்பம் உண்டு. இதே செட்டிங் ஆகுமா?
- வாசகி, வள்ளியூர்

பதில்: ஆகாது. கம்பின் நுனி கையைவிட மிக வேகமாகப் போகும். அது நின்று தெரிய 1/1600-க்கு மேல் வேண்டும், அதற்கு வெயில் இருக்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் நேர் மாறாக 1/60-க்கு இறங்கி, முகம் நிலையாக நிற்கும் நொடியில் அழுத்துங்கள். கம்பு வட்டமாகக் கலங்கி முகம் தெளிவாக வரும். தீப்பந்தத்துக்கு 1/30 போதும். கம்பு ஆளின் நெற்றி உயரம் இருக்கும். அதோடு கை நீளமும் ஒரு காலடி முன்வைப்பதும் கூடும் என்பதால் பதினைந்தடிக்குள் போகாதீர்கள். வியூஃபைண்டரில் ஒரு கண்ணை வைத்தாலும் மறு கண் திறந்திருக்கட்டும்.

கேள்வி: செல்போனில் எடுக்கலாமா?
- வாசகர், களக்காடு

பதில்: ரிங் ஓரத்தில் இடம் கிடைத்தால் எடுக்கலாம். மெயின் லென்ஸ் மட்டும், ப்ரோ மோடில் 1/500. விரலால் ஜூம் செய்யாதீர்கள்.

கேள்வி: எடுத்த படங்களை உடனே இணையத்தில் போடலாமா? மகள் போட்டியில் ஆடுகிறாள், அதனால் கேட்கிறேன்.
- வாசகர், நாங்குநேரி

பதில்: உங்கள் மகள் படத்தை நீங்கள் போடலாம், அவளிடம் கேட்டுவிட்டு. எதிரே நின்ற பிள்ளையின் படத்துக்கு அவள் பெற்றோரோ கோச்சோ சம்மதிக்க வேண்டும். எடை பார்க்கும் அறைக்குள் கேமராவே கூடாது. மூக்கில் ரத்தம் வழியும் பிள்ளை, தோற்று அழுகிற பிள்ளை, இவர்கள் படம் தானாக வந்து மாட்டினாலும் அதைக் கோச்சிடம் மட்டும் கொடுங்கள்.