முகத்துக்கு எவ்வளவு போதும்? கேள்வி பதில்

நான் மருந்தாளுநர். தோல் கிளினிக்கை ஒட்டிய மருந்துக்கடையில் நிற்பதால் முகத்துக்கு யார் யார் என்னென்ன பூசுகிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. டாக்டர் இல்லை என்பதால் நோய் என்னவென்று சொல்ல மாட்டேன். கேளுங்கள்.

அக்கா, என்னிடம் நாலு சீரம், டோனர், இரண்டு நைட் கிரீம் இருக்கின்றன. முகம் எரிகிறது. எதை முதலில் போடணும்? (ஐடி வேலை, சென்னை)

எதையும் போடாதீர்கள். ஒரு மாதத்துக்கு எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துவிட்டு மூன்றே பொருள்: மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், காலையில் சன்ஸ்கிரீன். தோலின் மேலடுக்கு புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய நாலு வாரம் ஆகும். அதற்குள் தீர்ப்பு சொல்வதில் அர்த்தமில்லை. எரிச்சல் அடங்கிய பிறகு ஒரு சீரத்தைச் சேருங்கள், இரண்டு வாரம் பாருங்கள், அப்புறம்தான் அடுத்தது. ஒரே நாளில் நாலையும் போட்டால் எது கடிக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

காலையில் ஃபேஸ்வாஷ்கூட வேண்டாம், தண்ணீர் போதும்.

எண்ணெய் வழியும் முகம். இந்த வெயிலில் மாய்ஸ்சரைசர் வேறா?

பகலில் சன்ஸ்கிரீனே அந்த வேலையையும் செய்துவிடும். ராத்திரி ஜெல் வகையாகக் கொஞ்சம் போடுங்கள்.

கறுப்பாக இருப்பவர்களுக்குச் சன்ஸ்கிரீன் தேவையா? போட்டால் திருநீறு பூசின மாதிரி இருக்கிறது. (ஆசிரியை, மதுரை)

தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஓரளவு காக்கிறது, உண்மைதான். அதனால்தான் வெள்ளைக்காரர்களைப் போல நாம் சிவந்து வெந்துபோவதில்லை. ஆனால் பரு விட்டுப்போன கறையும், மங்கு என்கிற கருந்திட்டும் நமக்குத்தான் ஆழமாக விழும், மாதக்கணக்கில் நிற்கும். அதற்கு வெயில் எண்ணெய் ஊற்றுகிறது. புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியே மங்கைக் கூட்டும்.

திருநீறு மாதிரி தெரிவது ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும். நிறம் சேர்த்த டின்டட் சன்ஸ்கிரீன் வாங்குங்கள். அதில் இருக்கும் அயர்ன் ஆக்சைடு, சாதாரண சன்ஸ்கிரீன் விட்டுவிடும் அந்த ஒளியையும் தடுக்கும். முகத்தின் திட்டுகளையும் ஒன்றாகக் காட்டுவதால் பாதிப் பேருக்கு ஃபவுண்டேஷன் செலவு மிச்சம்.

டியூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் என்பது காப்பு அளவு. எஸ்பிஎஃப் 30 யுவிபி என்ற புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அதனால் நம்பரைத் துரத்த வேண்டாம், அளவைக் கவனியுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. வெளியே நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. கடுகளவு தொட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று டியூபைத் திருப்பிக் கொண்டுவருபவர்கள் உண்டு!

என் மகளுக்கு 15 வயது. கழுத்து கருகருவென்று இருக்கிறது. எலுமிச்சையும் சர்க்கரையும் வைத்துத் தேய்க்கிறோம், போகவில்லை. (அம்மா, திருநெல்வேலி)

தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள் அம்மா. அது அழுக்கில்லை. கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் தடித்து, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருந்தால், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டி ரத்தச் சர்க்கரை பாருங்கள். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறதென்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். உள்ளே சரியானால் கழுத்தும் மெதுவாகத் தெளியும்.

எலுமிச்சையால் வேறு வம்பும் உண்டு. சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்து, அந்த இடம் வாரக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். பிள்ளையைக் கழுத்தைச் சொல்லித் திட்டாதீர்கள், அவள் குளிக்காமல் வந்ததில்லை.

நலங்கு மாவு நல்லதா?

உடம்புக்கு எனக்குப் பிடிக்கும். பச்சைப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள், அந்த வாசனைக்கே தேய்க்கலாம். ஆனால் முகத்தில் பரு இருக்கும்போது நறநறவென்ற மாவால் தேய்த்தால் புண்ணாகும். நைசாக அரைத்து, குழைத்து, தேய்க்காமல் தடவிக் கழுவுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று, அதில் சேர்க்கும் கார்போக அரிசி என்ற விதை. அதில் சோராலன் என்ற பொருள் இருக்கிறது, தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். வெண்புள்ளி வைத்தியத்தில் அதைப் பயன்படுத்துவதே அந்தக் குணத்துக்காகத்தான். காலையில் அதைத் தேய்த்துக் குளித்துவிட்டு வெயிலில் வண்டி ஓட்டினால் முகம் கறுக்காமல் என்ன செய்யும்? கார்போக அரிசி இல்லாமல் அரைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ராத்திரிக் குளியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். (பாட்டி போட்ட இதே விதையிலிருந்து எடுக்கும் பகுச்சியாலைத்தான் இப்போது குட்டி பாட்டிலில் அடைத்து ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகைப் பூச்சுக்கு மாற்று என்று விற்கிறார்கள்.)

தோழி சொன்ன கிரீம் போட்டேன். ஒரே வாரத்தில் முகம் பளிச். விட்டால் சிவந்து அரிக்கிறது, அதனால் விடவும் முடியவில்லை. (கல்லூரி மாணவி, சேலம்)

டியூபில் பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் இதில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மற்ற நோய்களுக்கு அருமையான மருந்துகள், அழகு கிரீமாக மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, பருவும் மீசை மாதிரி முடியும் வரும். விட்டதும் சிவப்பது அந்தப் பழக்கத்தின் விளைவு. இந்த வகை கிரீம்களை 2018-ல் மத்திய அரசு மருந்துச்சீட்டு கட்டாயமான பட்டியலில் கொண்டுவந்தது. சீட்டில்லாமல் நீட்டும் கடைகள் இன்னும் இருக்கின்றன, என் தொழில்காரர்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

நீங்களாக ஒரேயடியாக நிறுத்திச் சமாளிக்க வேண்டாம். தோல் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். டியூபில் பெயரே இல்லை, டப்பாவில் தயாரித்தவர் முகவரி இல்லை என்றால் இன்னும் மோசம். அப்படிப்பட்ட வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசம் கலந்திருக்க வாய்ப்புண்டு, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதையும் எடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள்.

நெற்றியில் மட்டும் குட்டிக் குட்டியாகப் பரு, அக்கா.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு தூங்குகிறீர்களா? அதுதான் முதல் சந்தேகம். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து அலசிவிடுங்கள், தலையணை உறையையும் மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பரு மருந்தான பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் போதும். பத்து சதவீதம் வாங்கினால் எரிச்சல்தான் கூடும். துண்டையும் தலையணை உறையையும் வெளுத்துவிடும், வெள்ளைத் துணி வையுங்கள்.

ஆபீசுக்கு ஐந்து நிமிடத்தில், போட்டதே தெரியாத மேக்கப்?

டின்டட் சன்ஸ்கிரீன். கருவளையத்தின் மேல் நேரடியாகக் கன்சீலர் போட்டால் சாம்பல் அடிக்கும், அடியில் ஆரஞ்சு சாயல் கரெக்டரைப் பொட்டளவு தட்டுங்கள். புருவத்தைச் சீவி, கண் மை தீட்டி, லிப்ஸ்டிக்கையே விரலால் கன்னத்திலும் தொட்டால் முடிந்தது. கருவளையம் நம் பக்கம் பல குடும்பங்களில் பரம்பரையாக வருவது, தூக்கத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்போ வெளுப்போ தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அந்தப் பசையில் உள்ள ஒரு ரசாயனம் சிலருக்குத் தோலின் நிறத்தையே அழித்துவிடும்.

அடுத்த மாதம் கல்யாணம். என் நிறத்திலேயே இருக்க ஆசை. பார்லரில் "ரெண்டு ஷேட் ஏத்தினால்தான் போட்டோவில் எடுக்கும்" என்கிறார்கள். (தஞ்சாவூர்)

போட்டோவுக்கு வெளிச்சம்தான் வேண்டும், வெள்ளை வேண்டாம். ட்ரையலுக்குப் போகும்போது தாடை ஓரத்தில் பூசச் சொல்லி, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பத்து நிமிடம் பொறுங்கள், சில ஃபவுண்டேஷன் காற்றுப்பட்டதும் கறுக்கும். கழுத்து, காது, கை எல்லாம் ஒரே நிறமாக இருக்கிறதா என்று கையை முகத்தருகே வைத்து ஒரு செல்ஃபி, பிளாஷ் போட்டு இன்னொன்று. கடைசி இரண்டு வாரத்தில் ப்ளீச்சும் புது பேஷியலும் வேண்டவே வேண்டாம்.

1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் பெயரிலிருந்து "ஃபேர்" என்பதை எடுத்துவிட்டது. மணமகள் தேவை விளம்பரங்களில் "சிவந்த நிறம்" இன்னும் போகவில்லை. உங்கள் பக்கம் யாராவது முணுமுணுத்தால் மேக்கப் பணத்தை நீங்களே கட்டிவிடுங்கள், பேச்சு குறையும்.

கர்ப்பம், மூன்றாவது மாதம். மங்கு வருகிறது. ரெட்டினால் போடலாமா?

கூடாது. டின்டட் சன்ஸ்கிரீன், தொப்பி, குடை. அசெலாயிக் ஆசிட் கர்ப்பத்திலும் கொடுப்பதுண்டு, உங்கள் டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு அந்தத் திட்டு வெளிறிவிடும்.

அண்ணன்களுக்கு எதுவும் கிடையாதா? நான் குளிக்கிற சோப்புதான் முகத்துக்கும்.

தோல் இயல்பாகவே கொஞ்சம் அமிலம், பிஹெச் 5 பக்கம். சோப்பு 9, 10, அதாவது காரம். ஷேவ் செய்த முகத்தில் அது போதாதா இழுத்துப் பிடிக்க? வீட்டில் தங்கையின் ஃபேஸ்வாஷ் இருக்கும், கேட்டுவிட்டு எடுங்கள்.

முல்தானி மட்டி?

எண்ணெய் முகமென்றால் வாரம் ஒரு முறை, காய்ந்து வெடிப்பதற்கு முன்பே கழுவிவிடுங்கள். வறண்ட முகமென்றால் வேண்டாம்.