துடுப்பை எங்கே கட்டுவது, எங்கே அவிழ்ப்பது?

கேள்வி: நாங்கள் மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை தோட்டப் பையன்கள் நான்கு பேர். வார இறுதியில் கயாக் (ஒடுங்கிய சிறு துடுப்புப் படகு) ஓட்டுகிறோம். சில வாரம் கோலகுபுபாரு ஆற்றில், சில வாரம் கோலசிலாங்கூர் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலில் மீன் பிடிக்க. போன மாதம் கடலில் அலை கவிழ்த்ததில் ஒரு துடுப்பு, ஒரு தூண்டில், ஒரு கைப்பேசி போய்விட்டன. இனி எல்லாவற்றுக்கும் லீஷ் (பொருள் நழுவிப் போகாமல் பிடிக்கும் கயிறு) போடலாம் என்று ஹார்ட்வேர் கடையில் நைலான் கயிறு வாங்கிவிட்டோம். எதை எதோடு கட்ட வேண்டும்? ஆற்றுக்கும் அதே ஏற்பாடு போதுமா?

பதில்: தம்பி, அந்த நைலான் கயிற்றைக் கயாக்கைக் கார் மேல் கட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். லீஷுக்கு ஆகாது. நனைந்து, ஒரு ஆள் பாரம் இழுத்து இறுகிய முடிச்சை விரலால் அவிழ்க்க முடியாது. ஆற்றில் அந்த முடிச்சு உயிரையே வாங்கிவிடும். அதனால் முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போகும் இரண்டு இடமும் ஒரே சிலாங்கூர் ஆறுதான். மேலே கோலகுபுபாருவில் பாறைகளுக்கு நடுவே பாய்ந்து வருகிறது, உங்கள் ஊர்ப் பக்கம் செம்பனைகளுக்கு இடையில் சேற்று நிறத்தில் நிதானமாகப் போகிறது, கோலசிலாங்கூரில் கடலைத் தொடுகிறது. கரையிலிருந்து விலகிய கடலில் தண்ணீர் நகர்ந்தால் நீங்களும் கயாக்கும் துடுப்பும் கூடவே நகர்கிறீர்கள். கயிற்றில் இழுப்பு அதிகம் வராது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, பாறையும் விழுந்த மரமும் பாலத்தூணும் அசையாமல் நிற்கின்றன. கயிறு அதில் மாட்டிக்கொண்டால் ஆறு உங்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். உடம்பு நீரோட்டத்தில் நீண்டு படுத்துவிடும், தலை உள்ளே போகும், கணுக்காலில் இருக்கும் கட்டுக்குக் கை எட்டவே எட்டாது.

நான் கயாக் பழகிய முதல் வருடத்தில் துடுப்பை லைஃப் ஜாக்கெட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். கவிழ்ந்ததும் கயிறு ஒரு மூங்கில் கிளையைச் சுற்றிக்கொண்டது. பின்னால் வந்த நண்பர் கத்தியால் அறுத்துவிட்டார். மொத்தமும் அரை நிமிடம் இருக்கலாம், ஆனால் அந்த அரை நிமிடம் இன்னும் நினைவில் இருக்கிறது. 2021 அக்டோபர் 30 அன்று வேல்ஸ் நாட்டின் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரில், பெருக்கெடுத்த ஆற்றில் நின்றபடி துடுப்புப் பலகை ஓட்டிப் போனவர்களில் நான்கு பேர் தடுப்பணையில் நடந்த விபத்தில் இறந்தார்கள். அந்த விசாரணையில் பேசப்பட்டவற்றில் ஆற்றுக்குப் பொருந்தாத லீஷும் ஒன்று.

ஆகவே கோலகுபுபாருவில் துடுப்புக்கு லீஷ் வேண்டாம். உடம்பிலும் தொங்கும் கயிறு எதுவும் வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டில் அழகுக்கு மாட்டிய காராபினரையும் கழற்றிவிடுங்கள். அழுத்தினால் வாய் திறந்து தானாக மூடிக்கொள்ளும் கொக்கி அது, போகிற போக்கில் ஏதாவது கயிற்றைக் கவ்விக்கொள்ளும். துடுப்பு போனால் என்ன செய்வது? நால்வரில் ஒருவர் கயாக்குக்குள் இரண்டாகப் பிரியும் மாற்றுத் துடுப்பை வைத்திருங்கள். துடுப்பின் தண்டில் பளிச்சென்ற டேப் ஒட்டி உங்கள் கைப்பேசி எண்ணை எழுதுங்கள். கீழே மெதுவாக ஓடும் இடத்தில் அது பெரும்பாலும் ஓரம் ஒதுங்கிக் கிடக்கும். தண்ணீர்ப் புட்டி, உணவு எல்லாம் பைக்குள், பை கயாக்குக்குள் அசையாமல் இறுக்கமாக. சாப்பிடக் கரையேறினால் கயாக்கையும் துடுப்பையும் உயரமான இடத்தில் தூக்கி வையுங்கள். மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே கெப்பாலா ஆயர், அதாவது திடீர் ஆற்று வெள்ளம், வந்துவிடும். அது கொண்டுபோன பொருளைத் துரத்திக்கொண்டு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. பொருளுக்காகச் சொல்ல மாட்டேன், உங்களுக்காகச் சொல்கிறேன்.

கடல் வேறு. அங்கே துடுப்பு லீஷ் நல்ல துணை. துடுப்பைக் காப்பாற்றுவதைவிட அது கயாக்கைக் காப்பாற்றுகிறது என்பதுதான் முக்கியம். காற்று வீசும்போது ஆள் இல்லாத கயாக் நீந்துகிறவரைவிட வேகமாக ஓடும். கைநழுவினால் பிடிப்பது கஷ்டம். கவிழ்ந்தவரின் கை பெரும்பாலும் துடுப்பை விடாது. துடுப்பு கயாக்கோடு கட்டியிருந்தால் கயாக்கும் கைக்குள் இருக்கும்.

லீஷின் ஒரு முனை துடுப்பின் தண்டில், இரு கைகளுக்கும் நடுவே, வெல்க்ரோ பட்டையாகச் சுற்ற வேண்டும். மறுமுனை உங்கள் இருக்கைக்கு முன்னால் கயாக்கின் மேல்தளக் கயிற்றில். உங்கள் உடம்பில் எப்போதும் கட்டக் கூடாது. இழுத்தால் சுமார் 1 மீட்டர் போதும். துடுப்பை வீசிப் போடத் தடையில்லாமல், தண்ணீரில் இழுபடாமல் இருக்க வேண்டும். சுருள் கம்பி போன்ற லீஷ் தொங்காமல் ஒதுங்கி நிற்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். வெல்க்ரோவில் சேறு ஏறினால் பிடிப்பு போய்விடும், உப்புநீர் கொக்கியின் சுருள்வில்லைத் துருப்பிடிக்க வைக்கும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கரையில் அலை உடைகிற இடத்தில் மட்டும் கடலிலும் லீஷைக் கழற்றிவிடுங்கள். அங்கே புரளும் கயாக்கும் துடுப்பும் கயிற்றோடு சேர்ந்து உங்கள் மேலேயே வந்து விழும்.

அப்புறம் முகத்துவாரம். உங்களைப் போன்றவர்கள் ஏமாறும் இடம் இதுதான், ஏனென்றால் பார்வைக்குக் கடல் மாதிரி இருக்கும், நடத்தை ஆறு மாதிரி. இந்தக் கரையோரம் கடல்நீரின் பெரிய ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 4 மீட்டர் வித்தியாசம் இருக்கும். அத்தனை தண்ணீரும் வற்றும் நேரத்தில் வெளியே ஓடும்போது படகுத்துறைத் தூண்கள், மீனவர் நட்ட கம்புகள், நங்கூரக் கயிறுகள், சதுப்புமர வேர்கள் எல்லாம் அதன் வழியில் நிற்கின்றன. படகுகளையும் கம்புகளையும் தாண்டித் திறந்த நீருக்கு வந்த பிறகு லீஷை மாட்டுங்கள். திரும்பும்போது அதே இடத்தில் கழற்றுங்கள்.

தூண்டில் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் மாறுபடும். இரண்டு மூன்று தூண்டிலை லீஷில் கட்டினால், கவிழும்போது அத்தனை கயிறும் கொக்கிகளும் உங்களைச் சுற்றியே மிதக்கும். மறுபடி ஏறுவதற்குள் எதிலாவது சிக்குவீர்கள். அதற்குப் பதில் கைப்பிடிக்கு மேலே நுரைக்குழாய் ஒன்றைச் செருகிவிடுங்கள். தூண்டிலில் நூல் சுற்றும் உருளை கனமாக இருந்தால் நுரையையும் பெரிதாக்கி, மிதக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓட்டும்போது கொக்கியைக் கழற்றிப் பெட்டிக்குள் வையுங்கள்.

கயாக்கே போய்விட்டாலும் உங்களிடம் இருக்க வேண்டியவை லைஃப் ஜாக்கெட்டில்தான் இருக்கணும்: விசில், கைப்பேசி, சின்ன விளக்கு, உறையோடு ஒரு கத்தி. கைப்பேசி தண்ணீர் புகாத பையில், ஜாக்கெட்டின் பைக்குள், ஒரு சாண் கயிற்றில் இருந்தால் போதும். போன மாதம் அது கயாக்கின் முன்தட்டில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அவசர எண் 999ஐ அழைக்கும் வழியும் அதோடு சேர்ந்து போயிருக்கிறது.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். சுமத்ரா பக்கமிருந்து விடியலிலும் காலையிலும் கரும்மேகச் சுவர் ஒன்று மலாக்கா நீரிணையைக் கடந்து வரும். சில நிமிடங்களில் காற்று தலைகீழாக மாறிவிடும். நீங்கள் மீன் பிடிக்கப் புறப்படும் நேரமும் அதுவே. மேற்கே அடிவானம் கறுத்தால் அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். எந்த லீஷும் அதற்கு ஈடு கொடுக்காது.

கடைசியாக ஒரு சோதனை. அமைதியான நாளில், இடுப்பளவு தண்ணீரில், இரண்டு பேர் பக்கத்தில் நிற்க, முழு உடுப்போடும் லீஷோடும் கவிழுங்கள். உங்கள் ஊரில் இருக்கிற பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் இதைச் செய்யாதீர்கள், கரையை விட்டு இரண்டடி வைத்தால் ஆழம் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் மட்டும் அவிழ்த்துப் பாருங்கள், பிறகு இடது கையால் மட்டும். யாருக்காவது 3 வினாடிக்கு மேல் ஆனால் கொக்கியின் இடத்தை மாற்றிக் கட்டி, அவரை மறுபடியும் கவிழச் சொல்லுங்கள்.