சரளைச் சாலையில் விழுந்தால் காப்பீடு கிடைக்குமா?

கேள்வி: லாட்வியாவின் ரீகாவில் படிக்கிறேன். மோட்டார் சைக்கிள் ஓட்ட ஏ பிரிவு ஐரோப்பிய ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. ஜூலையில் வாடகை பைக்கில் நாட்டின் கிழக்கே உள்ள லாட்கலே கிராமங்களுக்குப் போய் அக்லோனா மாதா பேராலயம், கருப்பு மண்பாண்டக் குயவர்கள், பியேட்ருயா தேவாலயம் எல்லாவற்றையும் பார்க்க ஆசை. ஏற்பாடு செய்து தருபவர், “ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, எங்கே வேணும்னாலும் போகலாம்” என்கிறார். நம்பலாமா?

பதில்: வாய்ப் பேச்சை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். லாட்வியாவில் சாலையில் ஓடும் வண்டிக்கு ‘ஒக்டா’ என்ற காப்பீடு கட்டாயம். நீங்கள் இடித்தால் அடிபட்டவருக்கு அது இழப்பீடு தரும். உங்கள் தவறால் நீங்கள் ஓட்டும் பைக் நொறுங்கினால் ஒக்டாவிலிருந்து ஒரு சென்ட் வராது. அதற்கு ‘காஸ்கோ’ என்ற தனிக் காப்பீடு வேண்டும். இடைத்தரகர்கள் பல நேரம் ஒக்டாவையே ‘ஃபுல்’ என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். அவர்களுக்குக் கமிஷன் வந்துவிடும், பைக்குக்குப் பணம் கட்டுவது நீங்கள்.

காஸ்கோ இருக்கிறது என்றாலும் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைத் தேடிப் படியுங்கள். ஒன்று, ‘பஷ்ரிஸ்க்ஸ்’: சேதத்தில் உங்கள் தலையில் விழும் தொகை. இன்னொன்று, தார் போடாத சாலையில் ஓட்டத் தடை இருக்கிறதா என்பது. இந்த இரண்டாவது வரிதான் உங்கள் பயணத்தையே தீர்மானிக்கும். ரீகாவிலிருந்து டௌகவ்பில்ஸ் வழியாக க்ராஸ்லவா போகும் ஏ6 நல்ல தார்ச் சாலை. ஆனால் நீங்கள் பார்க்க நினைப்பது நெடுஞ்சாலை ஓரத்தில் இல்லை. குயவர்களின் சூளைகள், பழைய மரத் தேவாலயங்கள், மே மாத மாலைகளில் ஊர்ப் பெண்கள் கூடிப் பாடும் சாலையோரச் சிலுவைகள் எல்லாம் ‘வி’ எழுத்தில் தொடங்கும் ஊர்ச் சாலைகளில்தான் நிறைய. அவற்றில் பல இன்னும் சரளை. அங்கே போகக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு லாட்கலே போய் என்ன பயன்? இவ்வளவு முக்கியமான விஷயத்தைப் பொடி எழுத்தில் புதைத்து வைக்கும் வழக்கத்தை யாராவது மாற்றினால் நல்லது.

சரளையில் சட்டம் 80 கிலோமீட்டர் வேகம் வரை விடுகிறது. நீங்கள் 50-ஐத் தாண்டாதீர்கள். சமன்செய்யும் இயந்திரம் போன பிறகு உதிரிக் கற்கள் நடுவிலும் ஓரத்திலும் வரப்பாகக் குவிந்திருக்கும். அதைக் குறுக்கே கடக்கும்போது முன் பிரேக்கைத் தொட வேண்டாம். பகலிலும் விளக்கு எரிய வேண்டும். விருந்தோம்பும் வீடுகளில் ஷ்மகோவ்கா என்ற நாட்டுச் சாராயம் ஊற்றித் தருவார்கள். அன்று இரவு அங்கேயே தங்குவதானால் மட்டும் கிளாஸை வாங்குங்கள்.

மண்பாண்டத்தைக் குயவரிடமே வாங்குங்கள், நடுவில் ஆள் வேண்டாம். கிளை விரித்த மெழுகுவர்த்தித் தாங்கியைப் பைக் பெட்டியில் வைத்தால் சரளையில் தூளாகிவிடும். பார்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

அக்லோனாவுக்கு ஜூலையில் தடையில்லை. ஆகஸ்ட் 15 மாதா திருவிழாவை ஒட்டிய நாட்களில் போனால் சாலையெங்கும் நடைப்பயண பக்தர்கள் இருப்பார்கள், மெதுவாகத்தான் போக முடியும்.

பியேட்ருயாவுக்கு மட்டும் விதி வேறு. டௌகாவா ஆற்றின் அக்கரை பெலருஸ். இந்த ஊர் எல்லைப் பட்டைக்குள், அதாவது எல்லையை ஒட்டிய கட்டுப்பாட்டுப் பகுதிக்குள், இருப்பதால், உள்ளே போக மாநில எல்லைக் காவல் படையின் சிறப்பு அனுமதிச் சீட்டு வேண்டும். ஏற்பாடு செய்து தருபவர் ‘எங்கே வேணும்னாலும்’ என்றது இங்கே செல்லாது. குடியிருப்பு அட்டை இருந்தாலும் சீட்டு வேண்டும், பின்னால் உட்கார்ந்து வருபவருக்கும் தனியாக வேண்டும், தேவாலயத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதானாலும் வேண்டும். கைபேசி வரைபடம் குறுக்கு வழி என்று உங்களை நேராகப் பட்டைக்குள் கொண்டு விட்டுவிடும். அறிவிப்புப் பலகையைக் கண்டதும் வண்டியைத் திருப்புங்கள். பட்டைக்கு வெளியே உள்ள எல்லைப் பகுதியிலும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

இந்தச் சீட்டை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். எல்லைக் காவல் படையிடம் நீங்களே விண்ணப்பிக்கலாம். வந்துபோகும் பயணிக்கு எதற்கு இத்தனை படிவம் என்று எனக்கும் எரிச்சல்தான், ஆனாலும் இன்றைக்கே விண்ணப்பத்தைப் போடுங்கள். வாடகை நிறுவனத்துக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள்: “காஸ்கோ உண்டா, பஷ்ரிஸ்க்ஸ் எவ்வளவு, சரளைச் சாலையில் செல்லுமா?” எழுத்தில் பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.