இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய காரை வாங்கலாமா?

கேள்வி: 2010-இல் பதிவான டொயோட்டா வியோஸ், 2 லட்சத்து 10 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது, 14,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வருகிறது. பட்டர்வொர்த்தில் வீடு, பினாங்குத் தீவில் வேலை. வீட்டில் எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்கலாம். மீட்டரில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பயந்து விட்டுவிடாதீர்கள். அந்தக் காரை இத்தனை வருடம் வைத்திருந்தவர் எப்படி வைத்திருந்தார் என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். அது தெரியாவிட்டால் 60,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொன்னாலும் வாங்காதீர்கள்.

"வீட்டில் எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை, மோட்டாரில் மழையில் நனைந்துகொண்டு பாலம் தாண்டுகிறீர்கள், சம்பளத்தில் வீட்டுக்கும் கொடுக்க வேண்டும், அதனால்தான் ரொக்கமாக ஒன்றை வாங்கிப் போடலாம் என்று நினைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். கூடவே அம்மாவுக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்பு, வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போது அம்மாவால் நிற்கக்கூட முடியாது. அந்த நிலையில் கைப்பேசியில் வாடகைக் கார் கூப்பிட்டுவிட்டு வாசலில் காத்திருப்பது என்ன பாடு என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

2022-இல் எனக்குக் கார் கட்டாயம் என்று ஆனது. அண்ணன் புதுக் கார் எடுக்கச் சொன்னார். மாமாவும் அதையேதான் சொன்னார். சரி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35,000 வெள்ளி கடன், 9 வருடம், உதாரணத்துக்கு 3 விழுக்காடு பிளாட் வட்டி, அதாவது கடைசி வரை முழுக் கடனுக்கும் கணக்கிடும் வட்டி. வட்டி மட்டும் 9,450. மொத்தம் 44,450, மாதம் 412 வெள்ளி போல வரும். ஒன்பது வருடத்துக்கு ஒரு மாதம் விடாமல் கட்ட வேண்டும். ஷிப்ட் அலவன்ஸ் குறைந்தால் என்ன செய்வது, அம்மாவின் மருந்துச் செலவு கூடினால் என்ன செய்வது? புதுக் கார் வாங்குகிறவர்கள் தவறு செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. வருமானம் நிலையாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். எனக்கு அந்த 412 வெள்ளி மாதாமாதம் கழுத்தைப் பிடிக்கும் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் பழைய கார் பார்க்கக் கிளம்பினேன். முதலில் ஒரு விற்பனை இடத்தில் சின்னக் கார் ஒன்றைக் காட்டினார்கள். 2008 மாடல், மீட்டரில் 87,000. பெயின்ட் பளபளவென்று இருந்தது. "லேடி டிரைவர், பாசார் போய் வர மட்டும்தான் யூஸ் பண்ணுனாங்க" என்றார் விற்பவர். உள்ளே உட்கார்ந்ததும் காலடியைப் பார்த்தேன். பிரேக் பெடல் ரப்பர் ஒரு பக்கம் முழுவதும் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. ஸ்டியரிங் தோலும் அப்படியே. ஓட்டுநர் சீட்டின் ஓரம் நைந்திருந்தது. பாசாருக்கு, அதாவது சந்தைக்கு மட்டும் போய் வந்த காரில் இவ்வளவு தேய்மானம் எப்படி வரும்? மீட்டரைத் திருப்புவது ஒன்றும் பெரிய வேலை இல்லை என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். சுருளுக்குள்ளேயே இருக்கும் அடிப்பகுதியில் பழுப்பாக ஒரு கறை, சேறு காய்ந்த கறை. சீட்டுக்குக் கீழே இருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் துரு. 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்கில் எத்தனை கார்கள் மூழ்கின என்று பார்த்தவர்கள் நாம். அந்தக் கார்கள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விட்டன என்று யாராவது நம்புகிறீர்களா? 2021 டிசம்பரில் ஷா ஆலாம் மூழ்கியபோதும் இதே கதைதான். கழுவி, உள்ளே வாசனை அடித்து, வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மூழ்கிய காரில் ஒயரிங் உள்ளே இருந்தே அரித்துக்கொண்டு வரும். எப்போது எது நிற்கும் என்று சொல்ல முடியாது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிறகுதான் புக்கிட் மெர்தாஜாமில் பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரின் வியோஸ் பற்றித் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். 2009 பதிவு, முதல் உரிமையாளர் அவரே, மீட்டரில் 2 லட்சத்து 38 ஆயிரம். 17,500 சொன்னார். அண்ணன் கேட்டதும் கத்தினார். "இவ்ளோ ஓடின காடிய எவனாச்சும் வாங்குவானா? இன்ஜின் செத்துப் போயிருக்கும்மா."

ஆனால் அந்த எண்ணுக்கு ஆசிரியரிடம் விளக்கம் இருந்தது. சார் சுங்கை பட்டாணியில் வேலை பார்த்தவர். தினமும் போக வர 95 கிலோமீட்டர் போல, எல்லாம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில். வருடத்துக்கு 190 பள்ளி நாள் என்று வைத்தால் 18,000 கிலோமீட்டர். கோவிட் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தைக் கழித்து 11 வருடம் என்றாலும் இரண்டு லட்சம் அதிலேயே வந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் ஓடும் கிலோமீட்டரும் ஜார்ஜ் டவுன் நெரிசலில் ஓடும் கிலோமீட்டரும் ஒன்றில்லை. நெடுஞ்சாலையில் என்ஜின் சரியான சூட்டில் ஒரே வேகத்தில் ஓடுகிறது. கியர் அடிக்கடி மாறுவதில்லை, பிரேக் அதிகம் மிதிபடுவதில்லை. ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தும் காரில் என்ஜின் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடும். எண்ணெயில் ஈரம் தங்கி அது சீக்கிரம் கெடும். குறைவாக ஓடிய கார் நல்ல கார் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது.

பட்டறை ரசீதுகளை சார் வைத்திருந்தார். எல்லாம் இல்லை, கடைசி ஆறேழு வருடத்துக்கு இருந்தது. ஒவ்வொன்றிலும் தேதியும் கிலோமீட்டரும் எழுதியிருந்தது. எண் ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்தது. இதை நம்பி நிறுத்திவிடவில்லை. ரசீதில் இருந்த பட்டறைக்குப் போன் போட்டேன். போமன் (பட்டறை மெக்கானிக்) உடனே சொன்னார்: "சாரோட காடியா? என்ஜின் எண்ணெய் மாத்துறதுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்ட விடமாட்டாரு. ஆனா அப்சார்பர் மாத்தணும், நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்." விற்பவர் சொல்லாத குறையைப் பட்டறைக்காரர் சொன்னார். விலை குறைக்க அது போதுமாக இருந்தது. 16,000-க்கு முடிந்தது.

இந்த வியோஸின் 1.5 என்ஜினில் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குவது டைமிங் செயின். பெல்ட் இல்லை. பெல்ட் உள்ள காரில் பெரும்பாலும் 80,000 முதல் 1 லட்சம் கிலோமீட்டருக்குள் அதை மாற்றியாக வேண்டும். பல என்ஜின்களில் ஓடும்போது அது அறுந்தால் வால்வு வளைந்து என்ஜினே போய்விடும். நீங்கள் வேறு மாடல் பார்த்தால் முதலில் இதைக் கேளுங்கள். பெல்ட் என்றால், மாற்றியதற்கு ரசீது எங்கே என்று கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

பார்க்கப் போகும்போது காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நீலப் புகை வந்தால் என்ஜின் எண்ணெயைக் குடிக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், அடியில் பால் கலந்தது போல இருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். ரேடியேட்டரில் துருத்தண்ணீர் இருந்தால் கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். ஓட்டோ கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டு பின் கியருக்கும் முன் கியருக்கும் மாற்றிப் பாருங்கள். தாமதமும் இடியும் இருந்தால் கியர்பாக்ஸ் செலவு வாங்கும் விலையில் பெரும்பங்கைச் சாப்பிட்டுவிடும். நான் தெலுக் கும்பார் தாண்டி பாலிக் பூலாவ் போகும் ஏற்றத்தில் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். சார் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். நல்ல காரை விற்பவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்தின் பி5 பரிசோதனை உண்டே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. என்ஜின் எண், சேசிஸ் எண்ணில் கைவைத்திருக்கிறார்களா, கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்பதற்குத்தான் அது. கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். கிரானில் (காரின் பதிவுப் பத்திரத்தில்) வங்கியின் உரிமை இன்னும் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். "கடனை நீங்க தொடர்ந்து கட்டுங்க, பேரு அப்புறம் மாத்திக்கலாம்" என்று யாராவது சம்போங் பாயார் பேசினால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பணம் உங்களுடையது, கார் சட்டப்படி உங்களுடையது இல்லை.

பாதுகாப்பு பற்றிக் கட்டாயம் யாராவது கீழே எழுதுவார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், இன்றைய புதுக் காரில் இருக்கும் தானியங்கி பிரேக் எல்லாம் இதில் கிடையாது. ஏர்பேக் விஷயத்தில் ஒன்றைத் தவறாமல் செய்யுங்கள். டகாடா நிறுவனத்தின் ஏர்பேக் பொருத்திய ஹோண்டா, டொயோட்டா உட்படப் பல கார்களை உலகம் முழுக்கத் திரும்ப அழைத்தார்கள். அந்த ஏர்பேக்கை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டர் வெடிக்கும்போது இரும்புத் துண்டுகள் ஓட்டுபவர் மேல் பாயும். மலேசியாவிலேயே உயிர் போயிருக்கிறது. நம் ஊர் வெப்பமும் ஈரமும் அதை இன்னும் மோசமாக்கும். கிரானில் இருக்கும் சேசிஸ் எண்ணைக் கார் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், பட்டியலில் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். பழைய கார் வாங்கும் எத்தனையோ பேர் சவுண்ட் சிஸ்டத்துக்குச் செலவழிக்கிறார்கள், இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்வதில்லை.

வாங்கியதும் கையில் இருந்ததை எல்லாம் காலி செய்துவிடாதீர்கள். நான் தனியாக வைத்திருந்த பணத்தில் முதல் வருடத்தில் அப்சார்பர் நான்கு, என்ஜின் மவுண்டிங், லோவர் ஆர்ம், வாட்டர் பம்ப், பேட்டரி, இரண்டு டயர் என்று 3,800 வெள்ளி போனது. சிலவற்றைப் பொத்தோங் கடையிலும் (பழைய உதிரிபாகக் கடை) எடுத்தேன். அதற்குப் பிறகு எண்ணெய் மாற்றுவதும் சின்னச் சின்ன வேலைகளும்தான். ரோட் டேக்ஸ் 90 வெள்ளி. இப்போது மீட்டர் 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அம்மாவை ஒரு முறைகூட டயாலிசிஸுக்குத் தாமதமாகக் கொண்டுபோனதில்லை. இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

"உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்று சொல்பவர்களுக்கு: ரசீது பார்த்ததும், பட்டறைக்குப் போன் போட்டதும், வேறொரு காரின் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்து வேண்டாம் என்று வந்ததும் அதிர்ஷ்டத்தில் சேராது. நான் மெக்கானிக்கும் இல்லை. கண் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும் விஷயங்கள்தான் இவை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டயாலிசிஸ் நிலையத்தின் முன்னால் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று இரண்டே இடம். அதில் யாராவது நிறுத்திவிட்டு எதிரே சாப்பிடப் போயிருப்பார்கள். பெரும்பாலும் புத்தம் புதுக் கார். கேட்டால், "அஞ்சு நிமிஷம்தான் அக்கா" என்பார்கள். கையில் ஊசி போட்ட கட்டோடு அம்மா வெயிலில் நடந்து வர வேண்டும். இந்தப் பதிலைப் படிக்கும் யாராவது இப்படிச் செய்கிறவராக இருந்தால், தயவு செய்து நிறுத்துங்கள்.

சரி, உங்கள் காருக்கு வருகிறேன். 2010 பதிவு என்றால் வயது 15 வருடத்துக்குக் குறையாது. இந்த வயதுக் காருக்கு முழுக் காப்புறுதி தரச் சில நிறுவனங்கள் தயங்கும், மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் தருவார்கள். முன்பணம் கொடுக்கும் முன் இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு வையுங்கள். வங்கிக் கடனும் இந்த வயதுக்குச் சுலபமாகக் கிடைக்காது, மற்ற கடன் நிறுவனங்களின் வட்டி அதிகம், அதனால் ரொக்கம் இருந்தால் மட்டும் இறங்குங்கள். 14,000 என்பது உங்களிடம் இருக்கும் மொத்தப் பணம் என்றால் இந்தக் கார் வேண்டாம், 10,000-க்குள் ஒன்றைப் பாருங்கள். 18,000 இருக்கிறது, ரசீதும் இருக்கிறது, விற்பவர் பட்டறை எண்ணைத் தயங்காமல் கொடுக்கிறார் என்றால், தெரிந்த போமன் ஒருவருக்கு நூறு வெள்ளி கொடுத்துக் கூட அழைத்துப் போய்ப் பாருங்கள். அவர் சரி என்றால் 13,000-இல் இருந்து பேச்சை ஆரம்பியுங்கள்.