தம்ளரை எண்ண வேண்டாம், பொடியை நிறுத்துப் பாருங்கள்: காப்பிப் பழக்கத்தைக் குறைப்பது பற்றிய கேள்வி பதில்

மருந்தியல் ஆசிரியையாக 28 ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். நாளொன்றுக்கு 7 தம்ளர் குடித்துக்கொண்டிருந்து, இன்று காலையில் ஒரு தம்ளரோடு நிறுத்திக்கொள்பவளும்கூட. காஃபீன் உடலில் என்ன செய்கிறது, அதை எப்படிக் குறைப்பது என்ற கேள்விகளுக்கு விரிவாகப் பதில் சொல்கிறேன். சர்க்கரை, கொழுப்பு, உடல் எடை பற்றியவற்றை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து வங்கி ஊழியர் ஒருவர்: அம்மா, நாளுக்கு 6 தம்ளர் பில்டர் காப்பி குடிக்கிறேன். மூன்றாகக் குறைக்க மூன்று முறை முயன்று, ஒவ்வொரு முறையும் இரண்டாம் நாளே தோற்றுப்போனேன். எங்கிருந்து தொடங்குவது?

தம்ளர் எண்ணிக்கையிலிருந்து தொடங்கியதுதான் தவறு. உங்கள் உடலுக்குத் தம்ளர் தெரியாது. டிகாஷனில் இறங்கும் காஃபீன் மட்டுமே தெரியும். நாளைக் காலை பில்டரில் போடும் பொடியைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். தம்ளருக்கு 10 கிராம் என்றால் நாளுக்கு 60 கிராம் ஆகிறது. அதில் சிக்கரி 20 விழுக்காடு போக, காப்பி 48 கிராம். அரபிகா கொட்டையில் ஏறத்தாழ 1.2 விழுக்காடு காஃபீன் இருப்பதால், முழுவதும் இறங்கினால் 575 மில்லிகிராம் வரை வரும். ரொபஸ்டா கலந்த பொடி என்றால் இன்னும் கூடும், ஏனெனில் அதில் காஃபீன் கிட்டத்தட்ட இரு மடங்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வைத்த வரம்பு 400. நீங்கள் இரண்டையும் தாண்டி நிற்கிறீர்கள்.

இனிக் குறைக்கும் வழி. பொடி அரைத்துத் தரும் கடைக்காரரிடம் இந்த வாரம் காப்பி 70-க்குச் சிக்கரி 30 என்று கலந்து தரச் சொல்லுங்கள். அடுத்த வாரம் 60-க்கு 40. சிக்கரி ஒரு செடியின் வேர். அதில் காஃபீன் துளியும் கிடையாது. டிகாஷன் கறுப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும், நாக்கு அதிகம் முரண்டு பிடிக்காது, ஆனால் காப்பி 48 கிராமிலிருந்து 42-க்கும், பிறகு 36-க்கும் இறங்கியிருக்கும். கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு உணவுச் சட்டம் என்பதால், சிக்கரியை வைத்து அதற்குமேல் குறைக்க முடியாது. மூன்றாம் வாரத்திலிருந்து பொடியின் அளவைத் தம்ளருக்கு 8 கிராம், அடுத்து 6 கிராம் என்று இறக்குங்கள். மாலைக் காப்பியை இரண்டாம் டிகாஷனில் கலந்துகொள்ளுங்கள். காஃபீனில் பெரும்பகுதி முதல் டிகாஷனிலேயே இறங்கிவிடுவதால், இரண்டாவதில் மணமும் சூடும்தான் மிஞ்சும், அந்த நேரத்துக்கு அது போதும். இந்த ஒரு மாதமும் 6 தம்ளரும் இருக்கட்டும். அதன்பிறகு மதியம் இரண்டு மணிக்கு மேல் குடிப்பவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். அப்போது அவை போவது உங்களுக்கே பெரிதாகத் தெரியாது.

மதுரையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்: இவ்வளவு கணக்கு எதற்கு? என் தந்தையார் 1974-இல் ஒரே நாளில் காப்பியை விட்டார், தலைவலி என்று ஒரு நாளும் படுக்கவில்லை. தலைவலி என்பது மன உறுதி இல்லாதவர்கள் உண்டாக்கிக்கொள்ளும் பிரமை.

ஐயா, உங்கள் தந்தையாருக்கு வராமல் இருந்திருக்கலாம், எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் வருபவர்களுக்கு அது பிரமை இல்லை. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது மூளைச் செல்களில் தனக்கென உள்ள இடங்களான ஏற்பிகளில் அமர்ந்து உறக்கத்தைக் கொண்டுவருகிறது, மூளையின் இரத்தக் குழாய்களையும் விரிக்கிறது. காஃபீன் அந்த இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொண்டு அடினோசினை வெளியே நிறுத்திவிடுகிறது. நாள்தோறும் இப்படி நடந்தால் உடல் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஒரு நாள் காஃபீன் வராதபோது காத்திருந்த அடினோசின் முழுவதும் ஒரே சமயத்தில் வேலை செய்ய, குழாய்கள் விரிந்து, தலை விண் விண்ணென்று தெறிக்கிறது. இதில் மன உறுதிக்கு வேலையே இல்லை.

சேலத்திலிருந்து: தலைவலி எத்தனை நாள் இருக்கும்?

கடைசிக் காப்பிக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும், முதல் இரண்டு நாட்களில் உச்சத்துக்குப் போகும், 2 முதல் 9 நாட்களில் அடங்கும். படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் வராது, வந்தாலும் லேசாகத்தான் இருக்கும்.

திருநெல்வேலியிலிருந்து இல்லத்தரசி ஒருவர்: அந்தத் தலைவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை இதுதான்: அட்டையைத் திருப்பிப் படியுங்கள். நான் முதன்முதலாகக் காப்பியை நிறுத்திய நாளில், முற்பகல் 11 மணிக்கு இரண்டு கண்களுக்கும் பின்னால் வலி தொடங்கியது. பக்கத்துக் கடையில் தலைவலி மாத்திரை என்று கேட்டு வாங்கி ஒன்றை விழுங்கினேன். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள்தான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெள்ளி அட்டையின் பின்புறத்தைப் படித்தேன். பாராசிட்டமாலுக்குக் கீழே பொடி எழுத்தில் காஃபீன் 50 மில்லிகிராம் என்று இருந்தது. விட்டதாக நினைத்த பொருளையே மூன்று நாளாக மாத்திரையாக விழுங்கியிருக்கிறேன். தேவைப்பட்டால் தனி பாராசிட்டமால், அதுவும் ஓரிரு நாட்களுக்கு மட்டும். பல மருந்து கலந்த வலி மாத்திரையை மாதத்தில் 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் போட்டுவந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும்.

தஞ்சாவூரிலிருந்து: கிரீன் டீக்கு மாறிவிட்டால் போதுமா?

அதிலும் காஃபீன் உண்டு. அளவு குறைவு, அவ்வளவுதான்.

நாமக்கல்லிலிருந்து லாரி ஓட்டுநர்: நாளுக்கு 10 டீ, ஒரு பாக்கெட் சிகரெட். சிகரெட்டை விட்டு 5 நாள் ஆகிறது. டீ குறைக்கவில்லை, ஆனால் படபடப்பும் கை நடுக்கமும் தாங்கவில்லை. சிகரெட் இல்லாததால்தானா?

தம்பி, சிகரெட்டை விட்டது பெரிய காரியம், அதைக் கைவிட்டுவிடாதீர்கள். நடுக்கத்தில் ஒரு பங்கு நிகோடின் இல்லாததால் இருக்கலாம். ஆனால் பலரும் அறியாத இன்னொரு காரணம் உண்டு. காஃபீனைச் சிதைப்பது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. புகையில் உள்ள சில பொருள்கள் அந்த நொதியைத் தூண்டிவிடுவதால், புகைப்பவர்களின் உடல் காஃபீனை மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வெளியேற்றுகிறது. புகை நின்ற சில நாட்களில் நொதி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நீங்கள் குடிக்கும் அதே 10 டீயின் காஃபீன் இப்போது இரத்தத்தில் இரு மடங்கு நேரம் தங்குகிறது. ஒரு கோப்பைத் தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை இருக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றே ஐந்தாகக் குறையுங்கள். உடல் தானாகவே மெதுவாகச் செலவழிப்பதால் உங்களுக்குத் தலைவலி வர வாய்ப்பு குறைவு. பகலில் தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு 20 நிமிடம் படுத்து எழுங்கள். நடுக்கம் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மீண்டும் மதுரை ஆசிரியர்: நீங்கள் சொல்லும் அடினோசின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் "வலி வரும்" என்று சொல்லி வைத்தால் வலி வரத்தானே செய்யும்? சொல்லாமல் நிறுத்திப் பார்த்தவர்கள் உண்டா?

நல்ல கேள்வி, ஐயா. அதைத்தான் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்குச் சராசரியாக 235 மில்லிகிராம் காஃபீன் எடுத்துக்கொண்ட 62 பேருக்கு, காஃபீன் உள்ள மாத்திரையையும் வெற்று மாத்திரையையும் எது எதுவென்று சொல்லாமல் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை நாட்களில் 52 விழுக்காட்டினருக்கு மிதமான அல்லது கடுமையான தலைவலி வந்தது. 235 மில்லிகிராம் என்பது நம்மில் பலர் மதியத்துக்குள் குடித்து முடிக்கும் அளவு. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் காஃபீன் நிறுத்தக் கோளாறு இடம்பெற்றதும் இத்தகைய சான்றுகளால்தான். எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. தலைவலி வந்த பெண்களை வீட்டில் "ஒரு காப்பியை விட முடியவில்லையா" என்று ஏசுவதும், அவர்கள் குற்ற உணர்வோடு மறுபடி முழு அளவுக்குப் போவதும் நான் பலமுறை பார்த்தது. உங்களைப் போன்ற பெரியவர்கள் வாயிலிருந்து "பிரமை" என்ற சொல் வந்தால் அதன் பாரம் அவர்கள்மேல்தான் இறங்குகிறது.

வேலூரிலிருந்து செவிலியர்: மேடம் சொல்வதை நானும் பார்த்திருக்கிறேன். அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களில் தலைவலி என்பவர்களைக் கேட்டால் பெரும்பாலும் காப்பிப் பழக்கம் உள்ளவர்கள்.

நன்றி. ஏகாதசி விரதத்திலும் நோன்பின் முதல் நாட்களிலும் வரும் தலைவலிக்கும் பலரிடம் இதுவே காரணம். பசிமேல் பழி போட்டுவிடுகிறோம்.

மதுரை ஆசிரியர்: பிரமை என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆயினும் ஒரே நாளில் விடுவது சிலருக்கு ஒத்துவரும் என்பதை நீங்களும் மறுக்க மாட்டீர்கள்.

மறுக்கவில்லை. ஒரு வாரம் விடுப்பு எடுத்து, ஓய்வாக இருக்க முடிந்தவர்கள் விடலாம். அது உயிருக்கு ஆபத்தானது அன்று. ஆனால் மனநோய்க்காக லித்தியம் எடுத்துக்கொள்பவர்கள் தாமாகவே காப்பியைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. சிறுநீரில் லித்தியம் வெளியேறுவது குறைந்து, இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். அவர்கள் மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும்.

ஈரோட்டிலிருந்து: ஒரே நாளில் நிறுத்தலாமா?

மேலே மூன்று முறை பதில் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

திருச்சியிலிருந்து: எந்தக் கடைப் பொடி நல்லது?

அது என் துறை அன்று. எந்தக் கடையானாலும் சிக்கரி எத்தனை விழுக்காடு என்று கேட்டு வாங்குங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: எனக்கு ஐந்தாம் மாதம். தைராய்டு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் எடுக்கிறேன். காலையில் ஒரு காப்பி, மாலையில் ஒன்று. முழுவதும் விட வேண்டுமா?

முழுவதும் விட வேண்டியதில்லை. கர்ப்ப காலத்தில் நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் போதும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. இருந்தாலும் உங்கள் பொடியை நிறுத்துப் பாருங்கள். மாதங்கள் ஏற ஏறக் காஃபீன் உடலில் தங்கும் நேரம் நீண்டுகொண்டே போய், கடைசி மாதங்களில் பல மணி நேரம் கூடிவிடும் என்பதால், மாலைக் காப்பியை இப்போதே நிறுத்திவிடுவது நல்லது. தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்தே காப்பி குடியுங்கள். இல்லாவிட்டால் மருந்து சரியாக உடலில் சேராது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் காப்பிக்கும் இடையிலும் குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். மாலைக் காப்பியோடு அந்த மாத்திரையை விழுங்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அப்படிச் செய்தால் சத்தில் கணிசமான பங்கு வீணாகப் போகிறது.

சென்னையிலிருந்து: நான்கு மணிக் காப்பிக்கும் என் தூக்கத்துக்கும் தொடர்பு உண்டா? படுத்ததும் தூங்கிவிடுகிறேன்.

உண்டு. காஃபீனில் பாதி வெளியேறச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். நான்கு மணிக்கு 100 மில்லிகிராம் என்றால், ஒன்பது மணிக்கு 50, இரவு இரண்டு மணிக்கு 25. படுத்ததும் கண் அசந்துவிடலாம். ஆழ்ந்த உறக்கம்தான் குறையும்.

புதுச்சேரியிலிருந்து: வரும் வியாழக்கிழமை எனக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை. நாளுக்கு 5 காப்பி. செவிலியர் சொன்னதைப் படித்ததும் கவலையாகிவிட்டது. என்ன செய்வது?

இன்றிலிருந்தே பொடியை நாளுக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். மயக்க மருந்து மருத்துவர் உங்களைப் பார்க்க வரும்போது "நாளுக்கு இத்தனை காப்பி" என்று தவறாமல் சொல்லுங்கள். பின்னால் தலைவலி வந்தால் காரணம் தெரியாமல் அவர்கள் தேட வேண்டியிருக்காது. பால் கலக்காத கறுப்புக் காப்பியைத் தெளிந்த நீர்மமாகக் கணக்கிட்டு, மயக்கம் கொடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்புவரை சிறிது குடிக்க அனுமதிக்கும் நெறிமுறைகள் உண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பால் சேர்த்த காப்பியை மட்டும் அன்று காலை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.